கதவுப் பிடியில் தொடங்கி நாலரை மணி நேரம் வரை: தனியாக விட்டால் பதறும் நாயைப் பழக்கிய பதிவு

நேற்று நாய் 4 மணி 30 நிமிடம் வீட்டில் தனியாக இருந்தது. கேமராப் பதிவை முழுக்க ஓட்டிப் பார்த்தோம். மூன்று முறை எழுந்து இடம் மாற்றிப் படுத்திருக்கிறது. ஒரு முறை தண்ணீர் குடித்திருக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்து வாசல் கதவை ஒரு தரம் முகர்ந்துவிட்டு வந்து மறுபடி சுருண்டுகொண்டது. குரைப்பு, ஊளை, தரையில் எச்சில் எதுவும் இல்லை. 26 வாரங்களுக்கு முன்பு இதே நாயால் கதவு சாத்திய பிறகு 20 நொடி தாங்க முடியவில்லை. இடையில் செய்ததை வரிசையாக எழுதுகிறோம். பலிக்காத முயற்சிகளுக்கு இதில் இடம் அதிகம். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு நாட்களை மிச்சப்படுத்தப் போவது அவைதான்.

நாய் நான்கு வயது ஆண், கலப்பினம், கருத்தடை செய்தது, எடை 17 கிலோ. வீட்டில் யாராவது இருந்தால் எந்தத் தொல்லையும் கிடையாது. அறைக்கு அறை பின்னாலேயே வரும், அவ்வளவுதான். தனியாக விட்டால் வாசல் கதவின் கீழ்ப்பகுதியைப் பிறாண்டும், ஊளையிடும், பழகிய நாயாக இருந்தும் உள்ளேயே சிறுநீர் கழித்துவிடும்.

முதல் பதிவு

எதையும் தொடங்குமுன் ஒரே ஒரு முறை படம் எடுத்தோம். செல்போனை அலமாரி மேல் வைத்து, வழக்கம்போலக் கிளம்பி, 6 நிமிடத்தில் திரும்பியாயிற்று. அந்த 6 நிமிடத்தைப் பலமுறை பார்த்து எழுதிய குறிப்பு இது:

0:00 பூட்டுச் சத்தம். நாய் கதவுக்கு நேரே நிற்கிறது.
0:04 மூக்கைக் கதவின் அடி இடுக்கில் வைக்கிறது.
0:19 காது இரண்டும் பின்னால் ஒட்டிக்கொள்கின்றன. அடுத்தடுத்து இரண்டு முறை உதட்டை நக்குகிறது.
0:38 முதல் முனகல்.
0:55 முதல் குரைப்பு.
1:30 முன்னங்காலால் பிறாண்டல்.
2:10 வாயோரம் எச்சில் இழை. வாய் திறந்து மூச்சிரைப்பு.
3:05 மூக்கை மேலே தூக்கி ஊளை. திரும்பும் வரை நிற்கவில்லை.

குரைப்பைக் கணக்கில் வைத்தால் இந்த நாயின் தாக்குப்பிடிக்கும் நேரம் 55 நொடி. அப்படித்தான் முதலில் எழுதினோம், அது தவறு. 19ஆம் நொடியில் காது ஒட்டியபோதே அதற்குத் தாங்க முடியாமல் போய்விட்டது. சத்தம் வருவது கடைசிக் கட்டத்தில். எல்லைக்கோட்டை முதல் அறிகுறியில் போட வேண்டும். இந்த ஒரு திருத்தத்தைச் செய்வதற்குள் மூன்று வாரம் போனது.

இது பிரிவுப் பதற்றம்தானா என்று உறுதி செய்வதும் அவசியம். சலிப்பில் கடிக்கிற நாய் பெரும்பாலும் ஆள் போனதும் கொஞ்ச நேரம் தூங்கும். பிறகு எழுந்து தலையணை, செருப்பு என்று கண்ணில் பட்டதை நிதானமாகக் கடிக்கும். பதறுகிற நாய் போன சில நிமிடங்களிலேயே தொடங்கும். அதன் குறி வெளியேறும் வழிதான்: கதவு, நிலை, ஜன்னல் விளிம்பு. இடி, வெடிச்சத்தம் கேட்கும் நாட்களில் மட்டும் நடந்தால் அது ஒலிப் பயம். ஆள் இருக்கும்போதும் சிறுநீர் சிந்தினால் சிறுநீர்ப் பாதைத் தொற்றைப் பார்க்க வேண்டும். வயதான நாய் திடீரென்று இப்படி ஆரம்பித்தால் மூளைத் தளர்ச்சியோ வலியோ இருக்கலாம். எங்கள் நாய்க்குச் சிறுநீர்ச் சோதனை செய்ததில் தொற்று இல்லை. இன்னொரு சோதனையும் உதவியது. வீட்டார் எல்லாரும் போய், அதற்குப் பழக்கமான வேறு ஒருவர் மட்டும் இருந்தபோது அமைதியாகப் படுத்திருந்தது. அதாவது குறிப்பிட்ட ஒருவரைப் பிரிவதில் பதற்றமில்லை, ஆளே இல்லாமல் போவதில்தான். இது தெரிந்ததால் பின்னால் காவலுக்கு ஆள் போடுவது எளிதாயிற்று.

வீணான மூன்று வாரம்

முதல் முயற்சி, தீனி அடைத்த ரப்பர் பொம்மை. ஈரத் தீனியை அடைத்து, உறைய வைத்து, கிளம்பும்போது கொடுப்பது. முதல் இரண்டு நாள் நம்பிக்கையாக இருந்தது. 4 நிமிடம் நக்கியது. ஆனால் பதிவை உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு பத்து நொடிக்கும் தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்திருக்கிறது. காலியானதும் நேராக ஊளை. முனகல், குரைப்பு என்ற படிகளே இல்லை. ஐந்தாம் நாள் உறைபெட்டியிலிருந்து பொம்மையை எடுத்ததைப் பார்த்ததுமே மூச்சிரைக்கத் தொடங்கியது. பொம்மையே கிளம்புவதற்கான மணியாகிவிட்டது. தீனி கவனத்தைத் திருப்புகிறதே தவிர, தனிமையைப் பழக்குவதில்லை. லேசான பதற்றம் உள்ள நாய்களுக்கு இது உதவக்கூடும். ஆள் போனதும் தின்பதை நிறுத்திவிடுகிற நாய்க்கோ, தின்று முடித்ததும் வெடிக்கிற நாய்க்கோ உதவாது. கெட்டுப்போன பொம்மையை மீட்க, எல்லாரும் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் 16 நாள் கொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, கூண்டு. கதவு திறந்த கூண்டில் இந்த நாய் இரவெல்லாம் நிம்மதியாகத் தூங்கும். அதனால் பூட்டினாலும் இருக்கும் என்று கணக்குப் போட்டோம். பூட்டிவிட்டு வெளியே போன ஒரே ஒரு முறையில் கம்பியைக் கடித்து ஈறு கிழிந்தது, முன்கால் நகம் ஒன்று பிளந்தது. தனிமைப் பதற்றம் உள்ள பல நாய்களுக்கு அடைபடுவது இரண்டாவது பயம். கோரைப்பல் நுனி உடைந்து உள்ளிருக்கும் நரம்பே வெளிப்படுகிற அளவுக்குப் போகும் நாய்களும் உண்டு. அன்றே கூண்டின் கதவைக் கழற்றிவிட்டோம். கதவில்லாக் கூண்டு இன்றும் அதன் படுக்கைதான்.

மூன்றாவது, தூங்கும்போது ஓசையில்லாமல் நழுவுவது. விளைவு உடனே தெரிந்தது. நாய் ஆழ்ந்து தூங்குவதையே நிறுத்தியது. நாற்காலி நகர்ந்தால் எழும், குளியலறை வாசலில் காவல் இருக்கும். எப்போது மறைவார்கள் என்று தெரியாத நாய்க்கு ஓய்வு ஏது?

நான்காவது, சாவிக் கொத்தை ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறை எடுத்து வைப்பது. சாவிக்கு அர்த்தமில்லை என்று கற்றுக்கொடுப்பதாக எண்ணம். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு முறை வந்த பதற்றம் நாற்பது முறை வரத் தொடங்கியது. சாவி, செருப்பு, பை எல்லாம் பிறகு சேர்க்க வேண்டியவை. தொடக்கத்தில் அவை இல்லாமலே கதவைத் தாண்டலாம்.

நாயை அதட்டிய நாட்களும் இந்த மூன்று வாரத்தில் உண்டு. பிறாண்டிய கதவைப் பார்த்ததும் கோபம் வரும். நாயும் தலையைத் தாழ்த்தி, கண்ணை விலக்கி, தப்புச் செய்த முகத்தோடு நிற்கும். அந்த முகத்தை நம்பக்கூடாது. 2009இல் நாய் நடத்தை ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் நடத்திய ஆய்வில், அந்தக் ‘குற்ற முகம்’ திட்டு வாங்கும்போதுதான் அதிகம் வந்தது. நாய் உண்மையில் தவறு செய்ததா இல்லையா என்பதோடு அதற்குத் தொடர்பு இல்லை. அதட்டினால், ஆள் போவது பயம் என்பதோடு ஆள் வருவதும் பயம் என்றாகிவிடும். சிறுநீர் கழித்த இடத்தை நொதி கலந்த துப்புரவு நீர்மத்தால் துடைத்து, 10 நிமிடம் ஊறவிட்டு, பேசாமல் இருந்துவிடுவது நல்லது. அம்மோனியா கலந்ததைத் தவிர்க்கவும், அதன் வாடையே சிறுநீர் வாடை போன்றது.

கதவைக் காக்க 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டைக் கீழிலிருந்து 70 செ.மீ. உயரத்துக்குத் திருகி வைத்தோம். விளிம்புகளை உப்புத்தாளால் மழுக்கிவிட வேண்டும். மரச்சிராய் பாதத்தில் ஏறுவது நின்றது. பதற்றத்துக்கு இது மருந்தில்லை, காயத்துக்கு மட்டும் தடுப்பு.

தனியாக விடுவதை நிறுத்தியது

நான்காம் வாரம் முதல், பயிற்சி நேரம் தவிர ஒரு நிமிடம்கூடத் தனியாக விடவில்லை. இதைக் கேட்டதும் பலர் இந்த முறையையே கைவிடுகிறார்கள். ஆனால் இதுதான் அடித்தளம். காலையில் 30 நொடி அமைதியாகப் பழக்கிவிட்டு, மாலையில் மூன்று மணி நேரம் ஊளையிட விட்டால், நாய் நினைவில் வைத்துக்கொள்ளப் போவது மாலையைத்தான்.

ஒரு தாளில் ஏழு நாள், காலை, மதியம், மாலை, இரவு என்று 28 கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் யார் இருப்பது என்று எழுதினோம். வீட்டார், பழகிய இரண்டு பேர், நாய்க் காப்பகத்தில் இரண்டு அரை நாள், கூடவே கூட்டிப்போகக்கூடிய இடங்கள். காரில் அமைதியாக இருக்கிற நாய்கள் உண்டு. ஆனால் மிதமான வெயிலிலும் நிறுத்திய காருக்குள் வெப்பம் நிமிடங்களில் ஏறும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. முதலில் 9 கட்டம் காலியாக இருந்தது. நிரப்பிவிட்ட பிறகுதான் பயிற்சியைத் தொடங்கினோம்.

மருந்து

கால்நடை மருத்துவரிடம் முதல் வாரமே போயிருக்க வேண்டும். நான்காம் வாரம் போனோம். ரத்தச் சோதனைக்குப் பிறகு, பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரை தினம் ஒரு வேளை 20 மில்லிகிராம் எழுதினார். 17 கிலோவுக்கு இது கிலோவுக்கு ஏறத்தாழ 1.2 மில்லிகிராம். வழக்கமான அளவு கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம். நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1998இல் க்ளோமிப்ரமினையும் 2007இல் ஃப்ளூவாக்ஸெடினையும் அனுமதித்தது. இரண்டுமே நடத்தைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவை. மாத்திரை மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் நாய் கதவைப் பற்றி எதையும் புதிதாகக் கற்காது.

கவனிக்க வேண்டியவை: முழுப் பலன் தெரிய 4 முதல் 8 வாரம் ஆகலாம். முதல் இரண்டு வாரம் பசி குறைந்தது, இரண்டு வேளைத் தீனியை மூன்றாகப் பிரித்துக் கொடுத்ததும் எடை இறங்கவில்லை. வலிப்பு வந்த நாயாக இருந்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்ல வேண்டும். உண்ணிக்குப் போடும் அமிட்ராஸ் கழுத்துப்பட்டையோ கழுவலோ இந்த இரண்டு மருந்துகளோடும் சேரக்கூடாது. இதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது, குறைத்துக்கொண்டே வரவேண்டும். மனிதர்களுக்கான திரவ மருந்தில் சைலிட்டால் என்ற இனிப்பு இருந்தால் நாய்க்கு நஞ்சு. வீட்டில் இருப்பதை எடுத்து அளவு பார்த்துக் கொடுக்கிற வேலையே வேண்டாம்.

எங்கள் குறிப்பேட்டில் பத்தாம் வாரம்தான் வித்தியாசம் தெரிகிறது. மந்தமாகவில்லை. ஒரு சத்தத்துக்குத் தலை தூக்கினால், மறுபடி கீழே வைக்க முன்பு 40 நொடி எடுத்தது, இப்போது 10 நொடி.

கருவிகள்

புதிதாக வாங்கியது ஒன்றுமில்லை. இரண்டு செல்போன், ஒரு குறிப்பேடு. உள்ளே ஒரு போன், கையில் ஒரு போன், இரண்டுக்கும் நடுவே வீடியோ அழைப்பு. கையில் இருப்பதில் மைக்கை அணைக்க வேண்டும். உள்ளே இருப்பதில் ஒலியைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூன்றாம் நாள் இதை மறந்து வெளியே தும்மியது உள்ளே ஒலித்து, நாய் போன் வைத்த அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்தது. அந்த அமர்வு வீண். வேறு அழைப்பு வந்து ஒலிக்காதபடி அமைத்து, மின்னிணைப்பிலேயே வைத்திருக்கவும்.

கேமரா தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், கதவும் படுக்கையும் ஒரே காட்சியில் விழும்படி இருக்கட்டும். கதவு மட்டும் தெரிந்தால் நாய் படுக்கைக்குப் போனதும் என்ன செய்கிறது என்று தெரியாது. உண்மையில் பார்க்க வேண்டியது அங்கேதான். படம் எத்தனை நொடி பின்தங்குகிறது என்று கைதட்டிப் பார்த்தோம்: 2 நொடி. 8 நொடி அமர்வில் 2 நொடி பெரிய பிழை, அதனால் முதல் வாரங்களில் அதைக் கழித்துத்தான் எழுதினோம்.

வெளியே நிற்கும் இடமும் ஒரு கருவி மாதிரிதான். கதவின் அடி இடுக்கில் ஒரு விரல் பருமனுக்கு வெளிச்சம் வரும். அதில் காலின் நிழல் இரண்டு கோடாகத் தெரிகிறது. நாய் அந்த இரண்டு கோட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. ஒரு வாரம் முழுக்க 25 நொடி, 30 நொடி என்று ஏறியது நாய் தேறியதால் அல்ல, ஆள் அங்கேயே நிற்பது தெரிந்ததால். நிழல் விழாத இடத்துக்குப் போனதும் 9 நொடிக்கு இறங்கிவிட்டது. எண்கள் ஏறுகிற சந்தோஷத்தில் இதைக் கவனிக்காமல் விட்டதற்கு ஏழு நாள் போயிற்று.

கதவு

பயிற்சி ஒரு நாளைக்கு ஒரு அமர்வு, 20 முதல் 25 நிமிடம், வாரத்தில் 5 நாள். நடை முடிந்து 45 நிமிடம் கழித்துத்தான் தொடங்க வேண்டும். நடந்து வந்த மூச்சிரைப்பும் பதற்ற மூச்சிரைப்பும் படத்தில் ஒரே மாதிரி இருக்கும்.

இந்த நாய்க்கு மிகக் கடினமானது வெளியே போவதல்ல, பூட்டின் ‘டக்’ சத்தம். அதைத் தனியாகப் பிரித்தோம். கதவு வரை நடந்து திரும்புதல். பிடியைத் தொட்டுத் திரும்புதல். பிடியை இறக்குதல். ஒரு கையகலம் திறந்து மூடுதல். ஒரு கால் வெளியே வைத்து எடுத்தல். முழுதாக வெளியே போய், சாத்தாமல் திரும்புதல். சாத்தி உடனே திறத்தல். பூட்டைப் பாதி திருப்பி விடுதல். கதவு திறந்திருக்கும்போதே பூட்டை முழுதாகத் திருப்பி அந்தச் சத்தத்தை எழுப்புதல். கடைசியாகச் சாத்திப் பூட்டி, ஒரு நொடியில் திறத்தல். எல்லாம் முடிய 13 நாள் ஆயிற்று. பூட்டைப் பாதி திருப்பும் ஒரு படிக்கே 4 நாள் போனது.

அடுத்த படிக்குப் போகலாமா என்பதை நாயின் உடம்புதான் சொல்லும். பின்னால் வந்து நின்றால் அதே படி. எழுந்து உட்கார்ந்து பார்த்தால் அதே படி. படுத்தபடி தலையை மட்டும் திருப்பினால் இன்னும் இரண்டு முறை. இடுப்பை ஒரு பக்கமாகச் சரித்து, பின்னங்கால் இரண்டும் ஒரே பக்கம் நீட்டிப் படுத்திருந்தால் அடுத்த படி. அந்த இடுப்புச் சரிவு நம்பகமான அடையாளம். பதறுகிற நாய் எழத் தயாராகக் கால்களை அடியில் மடித்து வைத்திருக்கும்.

இந்தக் கட்டத்தில் தீனி கொடுக்கவில்லை. கொடுத்தால் நாய் ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து எதிர்பார்த்து நிற்கும், பதற்றமா ஆவலா என்று பிரித்தறிய முடியாது. அலுப்பூட்டுகிற அளவுக்கு ஒன்றுமே நடக்காததுதான் இங்கே வேண்டியது.

நொடிகளிலிருந்து நிமிடங்கள்

ஏழாம் வாரம் வெளியே இருக்கும் நேரத்தைக் கூட்டத் தொடங்கினோம். நேர்கோட்டில் ஏற்றக்கூடாது. 10, 20, 30, 40 என்று போனால், ஒவ்வொன்றும் முந்தையதைவிட மோசம் என்பதை நாய் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். எட்டாம் வாரத்தின் ஒரு அமர்வு, நொடிக் கணக்கில்: 5, 20, 8, 35, 12, 3, 50, 10. இதில் 50தான் அன்றைய இலக்கு. மற்றவை சுற்றி இருக்கும் நிரப்பு. ஒவ்வொரு முறைக்கும் நடுவே குறைந்தது ஒரு நிமிடம், அல்லது நாய் மறுபடி தலையைக் கீழே வைக்கும் வரை.

குறிப்பேட்டில் மூன்று நிறம். நாய் படுத்தே இருந்தாலோ, எழுந்து பார்த்துவிட்டு 20 நொடிக்குள் படுத்தாலோ பச்சை. கொட்டாவி, உதடு நக்கல், கதவையே வெறித்தல், ஒரு சுற்று நடை, இவை மஞ்சள். முனகல், மூச்சிரைப்பு, எச்சில், பிறாண்டல் எல்லாம் சிவப்பு. முந்தைய நாள் பச்சையென்றால் இலக்கை 10 முதல் 20 சதவீதம் ஏற்றுவது, மஞ்சளென்றால் அதே அளவு, சிவப்பென்றால் பாதியாகக் குறைப்பது.

சிவப்பு வந்த உடனே உள்ளே போய்விட வேண்டும். குரைக்கும்போது திரும்பினால் குரைப்பைப் பழக்கப்படுத்திவிடுவோம், அமைதியான பிறகுதான் போகவேண்டும் என்று ஒரு அறிவுரை பரவலாக இருக்கிறது. அதைக் கேட்டு ஆறாம் வாரம் வெளியே காத்திருந்ததில் 11 நிமிடம் போயிற்று. கடைசியில் நாய் அமைதியாகவில்லை, களைத்து விழுந்தது. பதற்றத்தில் கத்துகிற நாய் பேரம் பேசவில்லை. முழுகுகிறவரிடம் கூச்சலை நிறுத்தினால்தான் கை கொடுப்பேன் என்று சொல்ல முடியுமா? திரும்பி வந்ததும் முகம் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதும் தேவையில்லை. இயல்பாக ஒரு வார்த்தை, ஒரு தடவல் போதும்.

12 நிமிடத்தில் தேக்கம்

பன்னிரண்டாம் வாரம் 12 நிமிடம் எட்டியது. அதற்குமேல் ஏறவில்லை. 11, 13, மறுபடி 11. இங்கே பொறுமை இழந்து, 12 வந்தால் 30 ஏன் வராது என்று ஒரு நாள் தாண்டிப் பார்த்தோம். 17ஆம் நிமிடத்தில் சிவப்பு. வெளியே சற்றுத் தொலைவுக்குப் போய்விட்டதால் திரும்ப 4 நிமிடம் ஆயிற்று. மறுநாள் நாய்க்கு 2 நிமிடம்கூடத் தாங்கவில்லை. மறுபடி 12 நிமிடத்துக்கு வர 9 அமர்வு தேவைப்பட்டது. பயிற்சியின்போது ஒரு நிமிடத்தில் திரும்ப முடியாத தூரத்துக்குப் போகவே கூடாது என்று அதன்பின் வைத்துக்கொண்டோம்.

தேக்கத்துக்கான காரணம் குறிப்பேட்டின் ஓரத்தில் இருந்தது. மஞ்சளும் சிவப்பும் விழுந்த நாட்களைத் தனியாக வட்டமிட்டுப் பார்த்ததில், பெரும்பாலானவை வாசல் மணி ஒலித்த நாளோ, விருந்தினர் வந்த நாளோ, மருத்துவரிடம் போய்வந்த மறுநாளோ. மீதி, தொடர்ச்சியான ஐந்தாம் நாள் அமர்வு. ஒரு நாளின் படபடப்பு அடுத்த நாளுக்கும் மிஞ்சுகிறது. அதனால் இரண்டு மாற்றம் செய்தோம். ஐந்து நாள் தொடர்ச்சியை மூன்று நாள் பயிற்சி, ஒரு நாள் ஓய்வு என்று மாற்றியது ஒன்று. வாசல் மணி ஒலித்தால் அன்று அமர்வே கிடையாது என்பது மற்றொன்று. வெளிச் சத்தத்தை மறைக்க மின்விசிறியை ஓடவிட்டோம், நாள் முழுக்க. கிளம்பும்போது மட்டும் போட்டால் அதுவும் ரப்பர் பொம்மையின் கதைதான்.

தொடக்க நிரப்புகளையும் இப்போது குறைத்தோம். 15 நிமிடத்துக்கு முன் ஐந்தாறு சிறிய வெளியேற்றங்கள் நாயைத் தயார்ப்படுத்துவதற்குப் பதில் உசுப்பிவிட்டன. ஒன்றிரண்டாகக் குறைத்து, பிறகு எடுத்தேவிட்டோம். இரண்டே வாரத்தில் 22 நிமிடம் வந்தது.

பதினெட்டாம் வாரம் 40 நிமிடம். அதற்குப் பிறகு ஏற்றம் வேகமானது: 50, 65, 80, 90. ஆள் போன முதல் அரை மணி, முக்கால் மணிதான் பதற்றம் உச்சத்தில் இருக்கும் நேரம். அதைப் படுத்தபடி கடந்துவிட்ட நாய் பிறகு தூங்கத் தொடங்குகிறது. 90 நிமிடத்துக்குமேல் அரை மணி அரை மணியாக ஏற்றினோம். நீண்ட அமர்வு வாரத்துக்கு மூன்று, நடுவே ஒன்றிரண்டு குட்டி அமர்வு. ஒவ்வொரு முறையும் நீளமாகவே இருந்தால் அதையும் கணக்குப் போட்டுவிடும்.

சாவி, செருப்பு, பை

5 நிமிடம் உறுதியானதும் இவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். ஒன்றைப் புதிதாகச் சேர்க்கும் நாளில் நேரத்தைப் பாதியாக்கவும். செருப்புக்கு 3 நாள், சாவிக்கு 8 நாள், பைக்கு 2 நாள் ஆயிற்று. நாங்கள் நினைக்காத ஒன்று குளியலுக்குப் பின் பூசும் வாசனை. அது வந்தாலே நாய் படுக்கையை விட்டு எழுந்துவிடும்.

ஆளை மாற்றுவதும் தனி வேலை. கடைசியாகக் கதவைச் சாத்துகிறவர் மாறியபோது 25 நிமிடம் 6 நிமிடமாக இறங்கியது. இருவரும் சேர்ந்து கிளம்பியபோது 4 நிமிடம். ஒவ்வொன்றும் பழைய உயரத்தை எட்ட ஒரு வாரத்துக்குள் ஆயிற்று. முதல் தடவை போல மாதக்கணக்கு இல்லை.

செலவு என்று பார்த்தால் பெரிதும் நேரம்தான். பயிற்சிக்கு மட்டும் ஏறத்தாழ 70 மணி நேரம், அதில் பாதிக்குமேல் கடைசி எட்டு வாரத்தில். காவல் ஆளுக்கும் காப்பகத்துக்கும் மருந்துக்கும் ஆனது தனி. வீணானது கூண்டின் கதவு ஒன்று.

அடுத்த முறை இப்படி ஒரு நாய் வந்தால், முதல் பதிவு எடுத்த அன்றே தனியாக விடுவதை நிறுத்துவோம். மருத்துவரிடம் அதே வாரம் போவோம், மூன்று வாரம் முன்னதாக மருந்து பிடித்திருக்கும். தீனிப் பொம்மையைத் தொடமாட்டோம். நிழல் விழாத இடத்தைப் பயிற்சி தொடங்குமுன்பே கண்டுபிடித்து வைப்போம். அன்று வாசல் மணி ஒலித்ததா, இடி இடித்ததா, யார் வந்தார்கள் என்பதற்குக் குறிப்பேட்டில் முதல் நாளிலிருந்தே ஒரு பத்தி ஒதுக்குவோம். இரண்டாவது நாய் வாங்கினால் சரியாகிவிடும் என்று சொன்னவர்களுக்கு அப்போதும் இதே பதில்தான்: இந்தப் பயம் ஆள் இல்லாததற்கு, துணை நாய் இல்லாததற்கு அல்ல.

இன்னொரு மாற்றம், நேரம். எல்லா அமர்வும் பகலில் நடந்ததால், நாலரை மணி நேரம் என்பது பகலுக்கு மட்டும் பொருந்துகிறது. போன வாரம் இருட்டிய பிறகு வெளியே போய்ப் பார்த்தோம். 7ஆம் நிமிடத்தில் எழுந்து கதவுக்கு முன் உட்கார்ந்தது, 8ஆம் நிமிடத்தில் உதட்டை நக்கியது, 8 நிமிடம் 20 நொடியில் உள்ளே திரும்பிவிட்டோம். இருட்டிய பிறகான அமர்வுகள் நாளை 3 நிமிடத்தில் தொடங்குகின்றன.